வீட்டில் பாட்டு ரெக்கார்டிங்: ஹார்ட்வேர் கம்ப்ரஸர் போட்டுப் பதிவு செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அம்மன் பாட்டு, மாதா பாட்டு, ஐயப்பன் பாட்டு, கல்யாண வீடியோவுக்கான பாட்டு எல்லாமே படுக்கையறையில் ஒரு மைக்கை நிறுத்தி எடுப்பவைதான். மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கி நாலு பாட்டு எடுத்த பிறகு எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது: பாடும்போதே நடுவில் ஒரு கம்ப்ரஸர் பெட்டி வேண்டுமா? இந்தப் பக்கத்துப் பாடகர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரே வரியில் சொல்லுங்கள். வேண்டுமா, வேண்டாமா?

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். 24 பிட்டில், கொஞ்சம் தாழ்ந்த அளவில், குரலை அப்படியே பதிவு செய்யுங்கள். கம்ப்ரஷனைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். பதிவின்போது போட்ட கம்ப்ரஷனைப் பிறகு எடுக்க முடியாது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அதைவிடப் பெரிய காரணம் உங்கள் வீட்டுச் சத்தம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் சரியாக என்னதான் செய்கிறது?

சத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போதெல்லாம் வால்யூமைக் குறைத்து, தாண்டாதபோது பழைய நிலைக்கு விடுகிறது. ஒருவர் வால்யூம் குமிழில் கை வைத்து உட்கார்ந்துகொண்டு, பாடகர் உரக்கப் பாடும்போது திருகிக் குறைப்பது போலத்தான். எந்த அளவைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்பது த்ரெஷோல்ட். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ரேஷியோ. எவ்வளவு வேகமாகக் குறைக்க வேண்டும் என்பது அட்டாக், எவ்வளவு வேகமாக விட வேண்டும் என்பது ரிலீஸ்.

கணக்காகப் பார்த்தால்: ரேஷியோ 4-க்கு 1 என்று வைத்திருக்கிறீர்கள், குரல் த்ரெஷோல்டை 8 டெசிபெல் தாண்டுகிறது. வெளியே வரும்போது த்ரெஷோல்டைத் தாண்டி நிற்பது 2 டெசிபெல் மட்டும். 6 டெசிபெல் குறைந்துவிட்டது. குறைந்ததை ஈடுகட்ட மொத்தத்தையும் 6 டெசிபெல் ஏற்றுவோம். இதற்குத்தான் மேக்கப் கெயின் என்று பெயர். உரத்த இடங்கள் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஆனால் மெல்லிய இடங்கள், மூச்சு, ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் முன்பிருந்ததைவிட 6 டெசிபெல் மேலே வந்து நிற்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எல்லாம் தானாகப் புரியும்.

பெரிய ஸ்டூடியோக்களில் பாடும்போதே போடுகிறார்களே?

ஆமாம், போடுகிறார்கள். அந்தப் பழக்கம் டேப் காலத்தில் பிறந்தது. டேப்பில் எப்போதும் ஓர் இரைச்சல் உண்டு. நல்ல டேப் மெஷினிலும் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி 60, 70 டெசிபெல்தான். பாடகர் மெதுவாகப் பாடினால் குரல் டேப்பின் இரைச்சலில் மூழ்கும், உரக்கப் பாடினால் உடைந்து கரகரக்கும். அதனால் டேப்புக்குப் போகும் முன்பே குரலை ஒரு கட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனும் சித்தூரில் பிறந்த பி.லீலாவும் சென்னையில் வேலை செய்த ஆரம்ப காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரே டேக்கில் முடித்தாக வேண்டும். தனித்தனி ட்ராக் எடுத்துப் பிறகு சரிசெய்யும் வசதி கிடையாது. எது செய்தாலும் அந்த நிமிடத்திலேயே செய்தாக வேண்டும்.

இன்றைக்கும் பெரிய ஸ்டூடியோ எஞ்சினியர்கள் லேசாகக் கம்ப்ரஸ் செய்துதான் எடுக்கிறார்கள். அவர்களுடைய அறை அமைதியானது. அந்தப் பெட்டியோடு வருஷக்கணக்காகப் பழகியவர்கள். பாடகர் ஒரு பக்கம் பாட, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே குமிழைத் தொடுகிறார். வீட்டில் பாடுகிறவரும் குமிழைத் தொடுகிறவரும் ஒரே ஆள். பாடும்போது கம்ப்ரஸர் எப்படி வேலை செய்கிறது என்று அவரால் கவனிக்க முடியாது. கவனித்தால் பாட முடியாது.

டேப்புக்குச் சரி, கம்ப்யூட்டரில் மட்டும் அந்தப் பிரச்சினை இல்லையா?

16 பிட்டில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடம். 24 பிட்டில் ஏட்டுக் கணக்குப்படி 144 டெசிபெல். எந்த இன்டர்ஃபேஸும் அவ்வளவு தராது, இருந்தாலும் இன்று கிடைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸே 110 டெசிபெல் பக்கம் தருகிறது. வீட்டு அறையின் சத்தம் அந்த இரைச்சலுக்குப் பல மடங்கு மேலே இருக்கும். ஆகவே மீட்டர் சிவப்புக்குப் பக்கத்தில் ஏற வேண்டும் என்ற அவசியமே இல்லை. மீட்டரின் உச்ச எல்லை 0 டெசிபெல். சராசரி மைனஸ் 18 பக்கம், உச்சம் மைனஸ் 10 அல்லது மைனஸ் 12 பக்கம் இருந்தால் போதும். அலைவடிவப் படம் திரையில் ஒல்லியாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். பிறகு ஏற்றினால் குரல் ஒன்றும் கெடாது.

கம்ப்ரஸர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது, மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் கெயின் குமிழைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புவதுதான்.

ஆனால் பாடகர் திடீரென்று உச்சத்துக்குப் போனால் உடையாதா?

அதற்குத்தான் மேலே 10, 12 டெசிபெல் இடம் விடச் சொல்கிறேன். பாட்டிலேயே உரத்த வரியை முதலில் பாடச் சொல்லி, அதற்கு கெயின் வையுங்கள். பல்லவியை மெதுவாகப் பாடிக் காட்டிவிட்டு, டேக் எடுக்கும்போது சரணத்தில் முழுக் குரலையும் திறப்பவர்கள்தான் அதிகம். ஒத்திகையைவிட டேக்கில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள். அதனால் ஒத்திகையில் வைத்த கெயினை இன்னும் 3, 4 டெசிபெல் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்புக்குப் பின்னால்தான் கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கிறது. ப்ரீஆம்பிலேயே உடைந்த குரலை அதனால் ஒட்டவைக்க முடியாது, உடைந்த சத்தத்தைத்தான் அமுக்கித் தரும். அட்டாக் 10 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தால், அந்த 10 மில்லிசெகண்டுக்குள் வரும் உச்சம் அப்படியே தாண்டிப் போகும். ஆகவே உடையாமல் காப்பாற்றும் கருவி என்று நினைத்துக் கம்ப்ரஸர் வாங்க வேண்டாம்.

பாதுகாப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் வேறு வழிகள் உண்டு. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறை 2ஐ2 இன்டர்ஃபேஸில் க்ளிப் சேஃப் என்ற வசதி இருக்கிறது. உடையப் போகிறது என்றால் அதுவே கெயினைக் குறைத்துக்கொள்ளும். அதே வரிசையில் சோலோ மாடலில் அது கிடையாது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஜூம் எஃப்3, எஃப்6, யுஏசி-232 போன்றவை, மெல்லியதும் உரத்ததும் அடங்கும் அளவுக்கு மிக விரிந்த 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்கின்றன. அவற்றில் கெயின் தப்பாக வைத்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம்.

எங்கள் வீட்டில் காற்று, ஃபேன், ரோட்டுச் சத்தம் எல்லாம் உண்டு. கம்ப்ரஸர் அதைக் குறைக்குமா?

குறைக்காது, கூட்டும். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை நிறுத்தியிருப்பது சும்மா இல்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் மழை குறைவு, காற்று அதிகம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அங்கே போய் நின்றால் நம்பலாம். தென்னை ஓலை நாள் முழுக்கச் சலசலக்கும், ஜன்னல் கதவு அதிரும், தகரக் கூரை வீடென்றால் ஆணி கழன்ற இடம் தாளம் போடும். பாலக்காட்டைத் தாண்டி மேற்கே போனால் காற்றோடு மழையும் சேர்ந்துகொள்ளும். கார்த்திகை முதல் தேதி மாலை போடுவதற்குள் ஐயப்பன் பாட்டு வெளியே வந்தாக வேண்டும் என்பதால், பதிவு வேலை பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது.

இப்போது மேலே சொன்ன கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 6 டெசிபெல் அமுக்கி 6 டெசிபெல் ஏற்றினால், தென்னை ஓலையும் 6 டெசிபெல் ஏறிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, ஒரே சீராக இருந்தால் பின்னணியில் மறைந்துவிடும். ஆனால் சீராக இருக்காது. பாடும்போது கம்ப்ரஸர் அமுக்குவதால் ஃபேன் சத்தம் கீழே போகும், வரி முடிந்து பாடகர் மூச்சு வாங்கும்போது அமுக்கம் விடுபட்டு அதே ஃபேன் மெல்ல எழும்பி வரும். அடுத்த வரியில் மறுபடி இறங்கும். கேட்கிறவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டு மூச்சுத் திணறுவது போல இருக்கும். ஹார்ட்வேர் வழியாகப் பதிவாகிவிட்டால் இது ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் ப்ளக்-இன் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு மென்பொருள்) போட்டாலும் சரியாகப் பிடிக்காது. அந்த ப்ளக்-இன்கள் இரைச்சல் ஒரே அளவில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வேலை செய்கின்றன, இங்கே இரைச்சலே ஏறி இறங்குகிறது. கம்ப்ரஸ் செய்யாமல் எடுத்திருந்தால், முதலில் இரைச்சலை நீக்கிவிட்டுப் பிறகு கம்ப்ரஸ் செய்யலாம். அந்த வரிசைதான் முக்கியம். ஹார்ட்வேர் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

உங்கள் அறை எப்படி என்று தெரிய ஒரு சோதனை. வழக்கமான கெயினில், வழக்கமான இடத்தில் மைக்கை வைத்து, யாரும் பாடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை 6 டெசிபெல் ஏற்றி ஹெட்ஃபோனில் கேளுங்கள். கம்ப்ரஸர் உங்கள் பாட்டின் அடியில் விரிக்கப்போகும் படுகை அதுதான். கேட்டு முகம் சுளித்தால் பெட்டி வாங்கும் எண்ணத்தை ஒத்திவையுங்கள்.

அந்தப் பணத்தை எங்கே போடலாம் என்றால், அறையில். குரலுக்கும் மைக்குக்கும் நடுவில் 40 சென்டிமீட்டர் இருந்ததை 20 ஆக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். கம்ப்ரஸர் தின்னும் 6 டெசிபெலை ஒரு பைசா செலவில்லாமல் இங்கே சம்பாதித்துவிட்டீர்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகரின் முதுகுக்குப் பின்னால் பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். கார்டியாய்ட் மைக் எதிரே இருப்பதைத்தான் கேட்கும், பாடகரின் முதுகுப் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் அதன் வாய்க்குள்தான் போகிறது. மெல்லிய ஜமுக்காளம் தொங்கவிடுவதால் பெரிய பலன் இல்லை, கனமானது வேண்டும். துணி அடைத்த பீரோவைத் திறந்து வைப்பதும் வேலை செய்கிறது. ஃபேனை நிறுத்துங்கள். சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிடாமல் ஹெட்ஃபோனுக்குள் கொடுங்கள். காற்று மாதங்களில் விடியற்காலை நேரத்தில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அப்போது காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கேட் போட்டால் நடுவில் வரும் சத்தம் போய்விடாதா?

கேட் என்பது ஒரு அளவுக்குக் கீழே போகும் சத்தத்தை அடைத்துவிடும் கருவி. பதிவின்போது அதைப் போடவே வேண்டாம். தமிழில் எத்தனை வரிகள் ம், ன், ல் என்று மெல்லத் தேய்ந்து முடிகின்றன என்று பாருங்கள். கேட் அந்தத் தேய்வை நறுக்கிவிடும். போன மெய்யெழுத்து திரும்ப வராது.

எல்லாக் குரலுக்கும் இதே பதிலா?

இல்லை. கர்நாடக இசை பாடுகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். பதிவில் கம்ப்ரஷன் வேண்டவே வேண்டாம். செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர் இதே ஜில்லாவில்தான் இருக்கிறது. அந்தப் பாரம்பரியத்தில் பாடுகிறவர்களின் குரலில் ஏற்றத்தாழ்வே சங்கீதத்தின் ஒரு பாதி. ஒரு கமகம் பெரிதாகி அடங்குவதைக் கம்ப்ரஸர் சமன் செய்துவிட்டால், ஸ்வரம் சரியாக இருக்கும், பாவம் தட்டையாகிவிடும். மைக் பழகிய பாடகர்கள் மேல்ஸ்தாயியில் தானாகவே அரை அடி பின்வாங்குவார்கள். அதைவிட நல்ல கம்ப்ரஸர் கிடையாது, அதைப் பழகச் சொல்லுங்கள். ரொம்பக் கிட்டே போய்ப் பாடினால் கார்டியாய்ட் மைக்கில் அடிச்சத்தம் (பேஸ்) பெருகும் என்பதையும் சொல்லிவிடுங்கள், தூரம் மாறும்போது குரலின் கனமும் மாறும்.

திரைப்பாட்டு மாதிரிக் காதருகே கிசுகிசுக்கும் குரல், ராப், உரக்கப் பாடும் கானா, உடுக்கைப் பாட்டு இவற்றுக்குக் கம்ப்ரஷன் நிறையவே தேவைப்படும். ஆனால் தேவைப்படும் என்பதற்கும் பதிவின்போதே வேண்டும் என்பதற்கும் சம்பந்தமில்லை. பிறகு போட்டால் போதும்.

ஒரே பாட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் பாடுகிறேன். அதற்கு ஏதாவது தனி யோசனை?

எல்லைப் பக்கத்தில் இது மிகவும் சகஜம். ஒரே மெட்டு, ஒரே ட்ராக், இரண்டு சாகித்தியம். தமிழ் ஒரு நாள், மலையாளம் பத்து நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஹார்ட்வேர் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. குமிழ்களை ஃபோட்டோ எடுத்து வைத்து அதே இடத்தில் திருப்பினாலும், அன்றைக்குப் பாடகர் நின்ற தூரம், குரலின் பலம் மாறியிருந்தால் கம்ப்ரஸர் வேறு மாதிரிதான் நடந்துகொள்ளும். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒரு குரல் முன்னால் நிற்கும், இன்னொன்று பின்னால் நிற்கும். சுத்தமாக எடுத்திருந்தால் ஒரு ப்ளக்-இன் செட்டிங்கை இரண்டுக்கும் போட்டு, வித்தியாசத்தை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டும்போதும் இதே கதைதான்.

ஹெட்ஃபோனில் என் குரல் சோப்ளாங்கியாகக் கேட்கிறது. கம்ப்ரஸ் ஆனால்தான் பாட வருகிறது. என்ன செய்ய?

இந்தக் குறை நிஜமானது, இதைச் சொல்கிற பாடகர்களை நான் தட்டிக் கழிப்பதில்லை. காதில் நன்றாகக் கேட்டால்தான் நன்றாகப் பாட வரும். ஆனால் காதில் கேட்பதும் பதிவாவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ட்ராக்கின் எஃப்எக்ஸ் (எஃபெக்ட்) வரிசையில் கம்ப்ரஸர் போட்டு மானிட்டரிங்கை ஆன் செய்யுங்கள். காதில் கம்ப்ரஸ் ஆகிக் கேட்கும், ஃபைலில் சுத்தமான குரல் பதிவாகும். அதே ரீப்பரில் இன்புட் எஃப்எக்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே போட்டால் கம்ப்ரஷனோடு பதிவாகிவிடும், குழப்பிக்கொள்ளாதீர்கள். க்யூபேஸ் மென்பொருளிலும் இப்படித்தான்: ஆடியோ ட்ராக்கில் போட்டால் காதுக்கு மட்டும், இன்புட் சேனலில் போட்டால் ஃபைலுக்கும்.

தாமதம் வராமல் இருக்க, கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித்துண்டின் அளவான பஃபரை 64 அல்லது 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிசெகண்ட். போய்வரும் தாமதம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொஞ்சம் ஆகும், பாடுவதற்குத் தொந்தரவில்லை. வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்ப்பதற்காகத் தாமதம் சேர்க்கும் லுக்-அஹெட் உள்ள ப்ளக்-இன்களை இந்த இடத்தில் தவிர்த்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குப் போகாமல் குரலை நேராகக் காதுக்குத் தரும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பட்டனையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

யுனிவர்சல் ஆடியோவின் அப்போலோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் கன்சோல் மென்பொருளிலேயே பதிவுக்கா, மானிட்டருக்கு மட்டுமா என்று தேர்ந்தெடுக்கும் பட்டன் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மானிட்டருக்கு மட்டும் என்று வையுங்கள்.

என் யுனிவர்சல் ஆடியோ வோல்ட் 276 இன்டர்ஃபேஸில் கம்ப்ரஸர் பட்டன் உள்ளேயே இருக்கிறது. அழுத்தலாமா?

176, 276, 476 மாடல்களில் இருப்பது 1176 என்ற புகழ்பெற்ற பழைய கம்ப்ரஸரைப் பின்பற்றிய நிஜமான அனலாக் கம்ப்ரஸர். வோக்கல், கிட்டார், ஃபாஸ்ட் என்று மூன்று நிலை மட்டும்தான், நுணுக்கமாக மாற்றக் குமிழ் கிடையாது. அழுத்தினால் அது பதிவாகும். அறை அமைதியாக இருந்து, குரலுக்கு அது பொருந்துகிறது என்று ஒரு டேக் போட்டும் ஒரு டேக் போடாமலும் எடுத்து, இரண்டின் சத்த அளவையும் சமமாக்கிக் கேட்டு உறுதி செய்துகொண்டால் அழுத்துங்கள். சமமாக்காமல் கேட்டால் கம்ப்ரஸ் ஆனதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடியது எதுவும் நம் காதுக்கு நன்றாகத்தான் தோன்றும்.

எல்ஏ-2ஏ, 1176 என்று சொல்கிறார்களே, அவை அவ்வளவு உசத்தியா?

உசத்திதான். அதை மறுக்க மாட்டேன். எல்ஏ-2ஏ 1960-களில் வந்தது, ஜிம் லாரன்ஸ் வடிவமைத்தது. உள்ளே ஒளிரும் தகடு ஒன்றும் அந்த ஒளியைப் பார்த்துத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் உறுப்பு ஒன்றும் இருக்கின்றன. குரல் கூடினால் தகடு பிரகாசமாகும், வால்யூம் குறையும். ஒளி உறுப்பு ஒரே சீரான வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பாது: அமுக்கம் பாதி விடுபட ஒரு நொடியின் சிறு பங்குதான் ஆகும், மிச்சம் விடுபடச் சில நொடிகள் ஆகும். அந்த இரண்டு கட்ட ரிலீஸ்தான் நீட்டிப் பாடும் குரலுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. 1176 பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்தது. டிரான்சிஸ்டர் வகை, அட்டாக் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. சுறுசுறுப்பான குரலை முன்னால் தள்ளிக் காட்டும்.

அசல் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். இவற்றைப் பின்பற்றிச் செய்த ப்ளக்-இன்கள் இன்று வீட்டுப் பாட்டுக்குப் போதும் போதும் என்ற தரத்தில் இருக்கின்றன. தவிர, ஒரு ப்ளக்-இன்னைப் பத்து ட்ராக்கில் போடலாம், பெட்டி ஒன்றை ஒரு ட்ராக்கில்தான் போடலாம்.

ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டேன். எப்படி இணைப்பது?

மைக்கை நேராகக் கம்ப்ரஸரில் செருகினால் வேலை செய்யாது, பெரும்பாலானவை ப்ரீஆம்ப் ஏற்றிக் கொடுத்த பலமான சிக்னலை, அதாவது லைன் அளவை, எதிர்பார்ப்பவை. மைக், தனி ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், அப்புறம் இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் என்பதுதான் வரிசை. டிபிஎக்ஸ் 286எஸ் போன்ற பெட்டிகளில் ப்ரீஆம்பும் உள்ளேயே இருக்கிறது, அதனால் மைக்கை நேராகச் செருகலாம். ஆனால் அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டில் கொடுக்காமல் லைன் இன்புட்டில் கொடுங்கள். கம்ப்ரஷன் வேண்டாத நாளில் ப்ராசஸ் பைபாஸ் பட்டனை அழுத்தி வெறும் ப்ரீஆம்பாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. குரலை முதலில் சுத்தமாகப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு, அவுட்புட் கூடுதலாக உள்ள இன்டர்ஃபேஸ் என்றால், ஒரு அவுட்புட்டிலிருந்து கம்ப்ரஸருக்கு அனுப்பி, அங்கிருந்து லைன் இன்புட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். ரீப்பரில் இதற்கென்றே ரீஇன்சர்ட் என்ற ப்ளக்-இன் இருக்கிறது, போய்வரும் தாமதத்தை அதுவே அளந்து சரிசெய்யும். பெட்டியின் சத்தம் முழுதாகக் கிடைக்கும், அசலும் பத்திரமாக இருக்கும். பாடி முடித்த பிறகு நிதானமாக உட்கார்ந்து, காதை மட்டும் வைத்துக் குமிழைத் திருகலாம்.

இல்லை, பாடும்போதே போடத்தான் போகிறேன். எந்த செட்டிங்?

சரி, லேசாகப் போடுங்கள். ரேஷியோ 2 அல்லது 3-க்கு 1. அட்டாக் 10 முதல் 30 மில்லிசெகண்ட். ரிலீஸ் 100 மில்லிசெகண்ட் பக்கம் தொடங்கி, பாட்டின் வேகத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். பாட்டின் உரத்த வரியில், எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஊசி 3, 4 டெசிபெல் அசைந்தால் போதும். சாதாரண வரிகளில் அசையவே கூடாது. மேக்கப் கெயினைத் தொடவே வேண்டாம், பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

கம்ப்ரஸருக்கு முன்னால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டும் லோ-கட் இருந்தால் போடுங்கள். ப, ம்ப என்று அடித்து வரும் எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் பெரிய அடிச்சத்தமாக விழும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. கம்ப்ரஸர் அதைப் பார்த்து மொத்தக் குரலையும் சட்டென்று அமுக்கும். "பம்பை" என்று தொடங்கும் வரியில் முதல் எழுத்துக்குப் பின் குரல் பள்ளத்தில் விழுந்து எழுவது இதனால்தான். இந்தக் காற்றைத் தடுக்க மைக்குக்கு முன்னால் வைக்கும் பாப் ஃபில்டர் கட்டாயம்.

பெட்டியைச் சேர்த்ததும் ஒரு ஹம் சத்தம் வருகிறதே?

50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம். எல்லாப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம், வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். ஹம் போகவேண்டும் என்பதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்த பெட்டி என்றால் பின்பக்கம் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று படித்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

மழைக்காலத்தில் ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா?

ஈரப்பதம் கண்டென்சர் மைக்குக்கு ஆகாது, வெடவெடவென்று சத்தம் வரத் தொடங்கும். சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் வைத்த பெட்டியின் குமிழ்கள் கரகரக்கும், அவ்வப்போது எல்லாவற்றையும் திருப்பிவிடுங்கள்.

மிக்ஸிங்குக்குக் கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ ஃபைல் அனுப்புகிறேன். எதை அனுப்புவது?

சுத்தமான குரலை, 24 பிட் வேவ் ஃபைலாக, பாட்டின் தொடக்கத்திலிருந்தே வெட்டாமல் அனுப்புங்கள். உச்சம் எல்லையைத் தொடும்வரை மொத்தத்தையும் ஏற்றும் நார்மலைஸ் செய்ய வேண்டாம். நீங்கள் கம்ப்ரஸ் செய்து ரசித்துக் கேட்ட வடிவம் இருந்தால் அதையும் தனி ஃபைலாக, பெயரில் குறிப்பிட்டு அனுப்பலாம், உங்கள் மனதில் இருப்பது என்ன என்று எஞ்சினியருக்குப் புரியும். பாடாத அந்த ஒரு நிமிட அறைச் சத்தத்தையும் கூடவே வையுங்கள். இரைச்சல் நீக்கும் ப்ளக்-இன்னுக்கு மாதிரி காட்ட அது உதவும்.